மூன்றில் ஒரு பங்கு காய்கறி

எக்பெர்ட் லோஸே ஆயுள் முழுக்கப் பல் செய்தார். பல் மருத்துவர் அல்ல. மருத்துவர் பிடுங்கிய இடத்தில் வைக்க வேண்டியதைச் செய்து கொடுப்பவர். லைப்ஸிக்கின் மேற்கு ஓரத்தில், ஆளுக்கொரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குத் தரும் எங்கள் தோட்டச் சங்கத்தில் அவர் செய்த பல்லால் மெல்லுகிறவர்கள் நிறைய. சங்கத் தலைவி ஃப்ரௌ வைகெல்ட்டின் மேல்வரிசை முழுவதும் அவருடைய கைவேலை. வருடத்துக்கு இரண்டு முறை தோட்டங்களைப் பார்வையிட வரும்போது அந்த அம்மாள் அதே பற்களோடு அவரைத் திட்டுவார். லோஸே அசையாமல் நின்று கேட்பார். வார்த்தைகளை விட்டுவிட்டு வாயைப் பார்ப்பார். நன்றாகத்தான் பொருந்தியிருக்கிறது என்ற திருப்தி அவர் முகத்தில் தெரியும். அம்மாளுக்கு அது இன்னும் கோபமூட்டும்.

கிழக்கையும் மேற்கையும் பிரித்திருந்த சுவர் விழுந்த அடுத்த கோடையில் மேற்கின் பணம் எங்கள் கைக்கு வந்தது. அதில் எல்லோரும் வாங்கிய பழைய கார்கள் தெருவில் வரிசையாக வந்து நின்றன. லோஸே ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே முழங்கை நீளத்தில் ஒரு நீராவி எஞ்சின், இரண்டு பயணிப் பெட்டிகள், ஒரு வட்டத்துக்கான தண்டவாளம். வீட்டுக்குள் வைக்கிற ரயில் இல்லை. மண்ணில், மழையில், செடிகளுக்கு நடுவே ஓடுவது.

மனைவி ஹைட்ருன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கார் எங்க?"

"ஒரு பெட்டியில இருபது பேர் உட்காரலாம், ஹைட்ருன்."

"என் பின்பக்கம் அதுல எங்க போகும்?"

ஹைட்ருன் மேலும் பல வருடங்கள் டிராமில் போனாள்.

வாங்கிய ரயிலை வாங்கியபடியே ஓட்டுவது அவருக்குக் கேவலம். இன்னொருவரின் பல்செட்டைப் போட்டுக்கொள்வதற்கு ஒப்பானது என்பார். பல் செய்கிற அதே முறையில் ரயிலையும் திருத்தினார். மெழுகில் உருவம் செதுக்கி, அதைச் சுற்றிச் சுண்ணக்கலவை ஊற்றி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் பல்லுக்கான உலோகத்தை வார்ப்பார். விளக்கு, படி, கைப்பிடிக் கம்பி, புகைபோக்கி எல்லாம் இப்படி மாறின. தொழிற்சாலை கொடுத்த பிளாஸ்டிக் பயணிகளைத் தூக்கி எறிந்துவிட்டுத் தானே ஆட்களைச் செய்தார். எல்லோரும் வாயைத் திறந்து சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு வாயிலும் பல் வரிசை. வாயை மூடிக்கொண்டு ரயிலில் போகிற நம் சாக்ஸன் பகுதிக்காரர் ஒருவரையாவது செய்யக்கூடாதா, பார்த்தால் பயமாக இருக்கிறது என்று ஹைட்ருன் கேட்டுப் பார்த்தாள். மூடிய வாய்க்குள் என்ன வேலைப்பாட்டைக் காட்டுவது என்றார்.

எல்லாமே நிஜத்தில் இருபத்திரண்டரையில் ஒரு பங்கு. அந்த 'அரை'யைச் சொல்லும்போது அவர் குரலில் மரியாதை வரும்.

தண்டவாளம் வளர்ந்தது. முதலில் புல்வெளியைச் சுற்றியது. பிறகு ஸ்ட்ராபெரி போனது. அடுத்து பீன்ஸ் போய் அங்கே ஒரு ஸ்டேஷன் வந்தது. முள்ளங்கி இருந்த இடத்தில் ஒரு ஏரி. குத்தகைக்கு நிலம் தரும்போதே சங்கம் சொல்லிவிடும், மூன்றில் ஒரு பங்கில் காய்கறியும் பழமும் இருக்க வேண்டும் என்று. அதற்காகத்தான் குத்தகை அவ்வளவு மலிவு. லோஸேயின் துண்டில் மிஞ்சியிருந்த பச்சை, தைம், பார்ஸ்லி என்ற வாசனைத் தழைகள் மட்டும். அவையும் காய்கறியாக அங்கே இருக்கவில்லை. காடாக இருந்தன. நகம் வெட்டும் கத்தரியால் அவற்றை வெட்டி வெட்டி மர வடிவத்துக்குக் கொண்டுவந்திருந்தார்.

ஒரு ஞாயிறு காலை அவர் ரயிலை ஓட்டிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினார்.

"காட்டை யார் வெட்டினது?"

"உருளைக்கிழங்கு சாலட்டுக்குக் கொஞ்சம் பார்ஸ்லி எடுத்தேன்" என்றாள் ஹைட்ருன் தோட்டத்துக் குடிசைக்குள்ளிருந்து.

"கொஞ்சமா? மேற்குச் சரிவே மொட்டையா நிக்குது. மழை வந்தா மண் சரியும்."

"சரியட்டும். ரயில் நின்னாலாவது நேரத்துக்குச் சாப்பிட வருவ."

சாலட்டை அவர் சாப்பிட்டார். பார்ஸ்லியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்.

லோஸே ஓய்வுபெற்ற மூன்றாம் வசந்தத்தில் ஃப்ரௌ வைகெல்ட் அளவு நாடாவோடு வந்தார். நாடாவின் மறுமுனையைப் பிடிக்கப் பொருளாளரும் வந்திருந்தார். அவர் வேலை அவ்வளவுதான்.

"இது என்ன, ஹெர் லோஸே?"

"தைம் காடு."

"சாப்பிடுவீங்களா?"

"காட்டையா?"

"அப்போ இது காய்கறியில சேராது" என்றார் அம்மாள். பொருளாளர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்.

அளந்து முடித்தபோது, பார்ஸ்லியைச் சேர்த்துக்கொண்டும், மூன்றில் ஒரு பங்கு என்பது ஏழில் ஒரு பங்குகூட வரவில்லை. தோட்டத்தின் பின்பக்கம் பழைய பாத்தியைச் சுற்றி வரும் பெரிய வளைவை இலையுதிர்காலத்துக்குள் பிடுங்க வேண்டும், பாத்தியைப் பாத்தியாக்க வேண்டும் என்று தலைவி சொன்னார். பிடுங்காவிட்டால் குத்தகை ரத்து.

லோஸேயின் முகம் மாவுக்கட்டு போட்டது போல ஆகிவிட்டது. அந்த வளைவு போனால் ரயில் குடிசை வரை போகும், திரும்பி வரும். சுற்றாது. சுற்றாத ரயிலை அவர் ரயில் என்று சொன்னதே இல்லை. படுத்துக் கிடக்கும் லிஃப்ட் என்பார்.

"ஒரு சந்தேகம்" என்றாள் ஹைட்ருன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தாள். "ரெண்டு பாத்திக்கு நடுவுல ஒரு பாதை இருக்கு. அது எதுல சேரும்?"

"பாத்தியில."

"அந்தப் பாதையில மண்வெட்டி சாஞ்சிருந்தா?"

"அது கருவி. அதுவும் பாத்திதான்."

"அப்போ ரயிலும் கருவி. தண்டவாளம் பாதை. உள்ள உருளைக்கிழங்கு போடறோம், ரயில் அதை வெளிய கொண்டுவருது. மொத்த வளைவும் பாத்தியாயிடுச்சு, ஃப்ரௌ வைகெல்ட்."

பொருளாளர் சிரித்துவிட்டு உடனே இருமினார். தலைவி சிரிக்கவில்லை. விதியை மீறுகிறவர்களை அவருக்குத் தெரியும். விதியை வைத்தே வாதிடுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறார்.

"ஓட்டிக் காட்டுங்க" என்றார். "அடுத்த பார்வைக்கு வரும்போது. பாத்தியிலேருந்து கேட் வரைக்கும் ஒரு வாளிக் கிழங்கு. கிளம்பினதுக்கப்புறம் கை படக்கூடாது. வந்து சேர்ந்தா பாத்தி. வராட்டி பொம்மை. பொம்மைன்னா அன்னிக்கே பிடுங்கணும்."

அவர்கள் போனதும் லோஸே மனைவியிடம் கேட்டார்: "ஒரு வாளின்னா எவ்வளவு இருக்கும்?"

"எட்டு கிலோ."

"என் எஞ்சின் எட்டு கிலோ இழுக்காது, ஹைட்ருன்."

"உனக்குத்தான் எதையும் திருத்தாம இருக்க முடியாதே. திருத்து."

வளைவுக்குள் இருந்த ஏரியை மூடி உருளைக்கிழங்கு நட்டார்கள். குழி தோண்டியது ஹைட்ருன். லோஸே தண்டவாளத்துக்கும் குழிக்கும் நடுவே இடைவெளி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமைகளில் அவருடைய ரயில் நண்பர் ஃபால்க் வருவார். ஃபால்க் ரயில்வேயில் ஒருநாளும் வேலை பார்த்தவர் இல்லை. வரி அலுவலகத்தில் இருந்தவர். அதனால் ரயில் விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர். தவறான சிவப்பில் வண்ணம் அடித்த பெட்டி ஒன்றுக்காகத் தன் மைத்துனரோடு பேச்சை நிறுத்தியவர்.

"கிழங்கு எந்த அளவுல ஏத்தப் போற?" என்று கேட்டார்.

"கிழங்கு அளவுல."

"இருபத்திரண்டரையால பெருக்கிப் பாருடா. ஒரு கிழங்கு ஒன்றரை மீட்டர் வருது. அதை ஏத்திக்கிட்டு எந்த நாட்டு ரயில் ஓடுது?"

"பசியில இருக்குற நாட்டு ரயில்" என்றாள் ஹைட்ருன். "காபி வேணுமா ஃபால்க், இல்ல அதுக்கும் அளவு பார்க்கணுமா?"

"பட்டாணி நட்டிருக்கலாம்" என்றார் ஃபால்க் வருத்தத்தோடு. "பட்டாணின்னா பூசணி மாதிரியாவது தெரியும்."

லோஸே அந்தக் கோடை முழுவதும் எஞ்சினைத் திறந்து போட்டிருந்தார். அதுவரை அது தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்து ஓடியது. பித்தளைத் தண்டவாளம் மழையில் கறுக்கும். காலையில் தேய்த்து வைத்தால் மாலைக்குள் ஓடில்லாத நத்தைகள் அதன்மேல் ஊர்ந்து சளியைப் பூசிவிடும். அங்கே வந்ததும் எஞ்சின் தும்மும், நிற்கும். ஆகவே தண்டவாள மின்சாரத்தையே விட்டுவிட்டு, எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் பேட்டரி வைத்தார். கையில் ஒரு ரிமோட் வந்தது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பல்லுக்கான உலோகத்தில் வார்த்துச் சீவிய சக்கரங்களைப் போட்டார்.

அப்படியும் பாரம் ஏற்றினால் எஞ்சினின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றின. எடை போதவில்லை. பல்லை எக்ஸ்ரே எடுக்கும் பழைய ஃபிலிம் உறை ஒவ்வொன்றிலும் தபால்தலை அளவில் ஓர் ஈயத் தகடு இருக்கும். வேலையில் இருந்த காலத்தில் அவற்றை எறியாமல் ஊறுகாய் ஜாடிகளில் சேர்த்து வைத்திருந்தார். எதற்கென்று அப்போது தெரியாது. இப்போது இறுகச் சுருட்டி, எஞ்சினின் வயிற்றுக்குள் இடம் இருந்தவரை திணித்தார். பாதி லைப்ஸிக்கின் கடைவாய்ப் பல் உள்ளே போய்விட்டது என்று சொல்லிக்கொண்டார்.

ஹைட்ருன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"எத்தனாவது மாசம்?"

"ஆறு கிலோ."

"ஆறு கிலோவா? நம்ம பையன் பொறந்தப்போ பாதி இருந்தான். அதுக்கே நீ ஆஸ்பத்திரியில மயங்கி விழுந்த."

ஆகஸ்டில் புதிதாகச் சேர்த்த நாலு சரக்குப் பெட்டிகளில் கற்களை ஏற்றி ஓட்டிப் பார்த்தார். கேட்டை ஒட்டி ஓர் ஏற்றம் உண்டு. எஞ்சின் முனகிக்கொண்டு ஏறியது. எட்டு கிலோவும் கேட்டுக்கு வந்து சேர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் அதோடு கருவிகளை மடித்து வைத்திருப்பார்கள்.

ஃபால்க் மட்டும் குனிந்து பெட்டிகளுக்கு நடுவே பார்த்தார்.

"கொக்கி இன்னும் அந்தப் பிளாஸ்டிக் கொக்கிதானா?"

"அது நல்லா இழுக்குது."

"இழுக்கும். கசாப்புக் கடையில பன்றி தொங்கவிடற கொக்கி மாதிரி இருக்கு, இழுக்காம என்ன? அன்னிக்கு ஊரே நின்னு பார்க்கப் போகுது. உன் இஷ்டம்."

அந்த வாரம் லோஸே மெழுகில் கொக்கிகள் செதுக்கினார். நிஜ ரயிலில் இருக்கும் கொக்கியையும் சங்கிலியையும் இருபத்திரண்டரையால் வகுத்தால் எந்த அளவு வருமோ அந்த அளவு. சீரகம் போல இருந்தன. பல்லுக்கான உலோகத்தில் வார்த்து, மெருகேற்றி, பழைய கொக்கிகளை வேரோடு வெட்டி எடுத்துவிட்டு இவற்றை மாட்டினார். பாரம் ஏற்றி மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை. மெருகில் கீறல் விழுந்துவிடும்.

பார்வை நாள் சனிக்கிழமை. முற்பகலில் முடிந்திருக்க வேண்டியது. இரண்டு தோட்டங்களுக்கு முன்னால் ஒரு வேலி உயரமாக இருந்ததால் அங்கே சச்சரவு நடந்தது. தலைவியும் பொருளாளரும் லோஸேயின் கேட்டைத் திறந்தபோது மதிய அமைதி தொடங்கிவிட்டது. அந்த இரண்டு மணி நேரம் எங்கள் தோட்டங்களில் யாரும் புல் வெட்டக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது. அதை மீறியவர்களின் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுகிறவர் ஃப்ரௌ வைகெல்ட்தான். ஆகவே அவர் கிசுகிசுத்தார்.

"தொடங்குங்க, ஹெர் லோஸே."

"நாளைக்கு வேணா வாங்களேன்" என்று லோஸேயும் கிசுகிசுத்தார்.

"நாளைக்கு ஞாயிறு. தொடங்குங்க."

வேடிக்கை பார்க்கப் பத்துப் பன்னிரண்டு பேர் வேலி ஓரத்தில் நின்றார்கள். சாவு வீட்டில் நிற்பது போல மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். பக்கத்துத் தோட்டத்து ஹெர் டீட்ஸ் மட்டும் வரவில்லை. சாய்வு நாற்காலியில் முகத்தின்மேல் செய்தித்தாள் போட்டுப் படுத்திருந்தார். ஃபால்க் கழுத்தில் டை கட்டி வந்திருந்தார்.

பொருளாளர் வாளியிலிருந்து கிழங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து நாலு பெட்டிகளிலும் வைத்தார். தலைவி தலையாட்டினார். லோஸே ரிமோட்டை அழுத்தினார்.

ரயில் பாத்தியைவிட்டுக் கிளம்பியது. பெரிய வளைவில் சாய்ந்து திரும்பியது. உருளைக்கிழங்குகள் பாறைகள் போல அசைந்தன. ஃபால்க் வேறு பக்கம் பார்த்தார். குடிசையைத் தாண்டியது. ஏற்றம் வந்தது. எஞ்சின் மூச்சுப் பிடித்தது. பல்லுக்கான உலோகம் கடினமானது, வளையவே வளையாது. அதனால்தான் அதில் பல் செய்கிறார்கள். வளையாதது உடையும். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

எஞ்சினும் பேட்டரிப் பெட்டியும் சட்டென்று பாரம் நீங்கித் துள்ளிக்கொண்டு கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. நாலு கிழங்குப் பெட்டிகளும் பின்னால் உருண்டன. முதலில் மெதுவாக. பிறகு வேகமாக. குடிசைத் திருப்பத்தில் கவிழ்ந்தன. ஒரு கிழங்கு ஃப்ரௌ வைகெல்ட்டின் செருப்பில் வந்து முட்டி நின்றது.

யாரும் சத்தம் போடவில்லை. போடக்கூடாது.

தலைவி குனிந்து கிழங்கை எடுத்துப் பொருளாளரிடம் கொடுத்தார். "பொம்மை" என்று கிசுகிசுத்தார்.

லோஸே முழங்காலிட்டு உடைந்த கொக்கியைக் கையில் எடுத்தார். சீரகத்தில் பாதி. அவர் அழவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. அன்றைக்கே பிடுங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். குறடு குடிசைக்குள் இருந்தது, எடுத்து வர வேண்டியதுதான்.

ஹைட்ருன் குடிசை வாசலில் நின்றிருந்தாள். கையெல்லாம் கடுகு விழுது. ஞாயிறுக்காக மாட்டிறைச்சியில் பன்றிக்கொழுப்பும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஃப்ரௌ வைகெல்ட், மண்வெட்டிக்குக் காம்பு உடைஞ்சா அது பொம்மை ஆயிடுமா?"

"என்ன?"

"காம்பு உடைஞ்சா. கருவி இல்லைன்னு ஆயிடுமா? காம்பை மாத்திட்டு வேலை செய்யறதில்லையா?"

தலைவி பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் தோளைக் குலுக்கினார். சென்ற மாதம்தான் அவர் தன் மண்வெட்டிக்குக் காம்பு மாற்றியிருந்தார்.

"மாத்தலாம்" என்றார் அம்மாள். "ஆனா பாத்தியிலேருந்து மறுபடி கிளம்பணும். நான் நின்னு பார்ப்பேன்."

ஹைட்ருன் உள்ளே போனாள். சுருட்டிக் குத்தி வைத்திருந்த இறைச்சிகளிலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாக உருவினாள். விரல் நீளத்தில், ஒரு முனையில் வளையம் உள்ள எஃகுக் கம்பிகள். கொழுப்பு ஒட்டியிருந்தது. கணவனின் குறடால் மறுமுனைகளைக் கொக்கியாக வளைத்தாள்.

ஃபால்க் அருகே வந்தார். "ஹைட்ருன், இது வேண்டாம். அவன் மனுஷங்க முகத்துல எப்படி முழிப்பான்? இதுல எதுவுமே அளவு இல்ல."

"நீ டையைப் பிடிச்சுக்க ஃபால்க், பெட்டியில மாட்டிடப் போகுது" என்றாள் அவள்.

லோஸே அந்தக் கம்பிகளைப் பார்த்தார். ஃபால்க்கைப் பார்த்தார். பிறகு பெட்டிகளை நிமிர்த்தி, சீரகக் கொக்கிகளைக் குறடால் நறுக்கி எறிந்துவிட்டு, கம்பிகளைத் தானே மாட்டினார். கடுகு மணத்தோடு ரயில் பாத்திக்குத் திரும்பியது. பொருளாளர் கிழங்குகளை மறுபடி அடுக்கினார்.

இந்த முறை ஏற்றத்தில் எஞ்சின் நடுவழியில் ஒரு கணம் தயங்கியது. வேலி ஓரத்தில் ஒருவர் தன்னையறியாமல் வயிற்றை எக்கினார். சக்கரம் ஒரு தரம் வழுக்கியது. ஈயம் அழுத்தியது. பிறகு ஏறியது. நாலு பெட்டிகளும், எல்லாக் கிழங்குகளும், கேட்டுக்கு முன்னால் வந்து நின்றன.

வேலி ஓரத்தில் இருந்தவர்கள் சத்தமில்லாமல் கைதட்டினார்கள். உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடவில்லை.

ஃப்ரௌ வைகெல்ட் கிழங்குகளை எண்ணவில்லை. பெருந்தன்மை. பொருளாளர் பக்கம் திரும்பி, "எழுதிக்குங்க" என்று கிசுகிசுத்தார். "தள்ளுவண்டி. ஒண்ணு."

"தள்ளுவண்டி இல்ல" என்றார் லோஸே.

ஹைட்ருன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பின்ன என்ன?"

"சாக்ஸன் குறும்பாதை நீராவி எஞ்சின். நாலு அச்சு. அதோட..."

"ஹெர் லோஸே." அம்மாள் அவர் அருகில் வந்தார். அவர் செய்த பற்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். "என்கிட்ட இருக்குற பட்டியல்ல எஞ்சின் கிடையாது. மண்வெட்டி இருக்கு, வாளி இருக்கு, தள்ளுவண்டி இருக்கு. எஞ்சின்னு எழுதினா அது பாத்தியில வராது. வளைவைப் பிடுங்கணும். இப்பச் சொல்லுங்க, இது என்ன?"

ஃபால்க் டையைத் தளர்த்திக்கொண்டு நின்றார். லோஸே எஞ்சினைப் பார்த்தார். புகைபோக்கி, கைப்பிடிக் கம்பி, விளக்கு. எல்லாம் அவர் மெழுகில் செதுக்கியவை.

"தள்ளுவண்டி" என்றார்.

"காதுல விழல."

"தள்ளுவண்டி."

"பொருளாளருக்குக் கேக்கல."

"தள்ளுவண்டி" என்றார் லோஸே. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் செய்தித்தாள் சரிகிற சத்தம் கேட்டது. "மதிய அமைதி" என்றார் ஹெர் டீட்ஸ், யாருடைய முகத்தையும் பார்க்காமல். ஃப்ரௌ வைகெல்ட் உடனே இரண்டு அடி பின்வாங்கி மன்னிப்புக் கேட்டார். பிறகு பொருளாளரோடு அடுத்த தோட்டத்துக்கு நுனிக்காலில் நடந்து போனார்.

ஃபால்க் காபி குடிக்காமல் கிளம்பினார். கேட் வரை போய்த் திரும்பி, "ஏற்றத்துல நல்லாத்தான் இழுத்தது" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே அதிகம்.

ஹைட்ருன் காலி வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

"பாத்தியில இன்னும் பாதிக் கிழங்கு கிடக்கு. யார் கொண்டுவர்றது?"

லோஸே ரிமோட்டை எடுத்தார். ரயில் பின்னோக்கி நகர்ந்து, பெரிய வளைவில் மெதுவாகச் சாய்ந்து, பாத்திக்குள் போனது.